தொழில்: கூலி

பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போனால் ஒரு படிவம் தருவார்கள். மாணவன் பெயர், தகப்பனார் பெயர், சாதி, தகப்பனார் தொழில், ஆண்டு வருமானம். நம் வளவுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தகப்பனார் தொழில் என்ற கட்டத்தில் ஒரே சொல்தான் இருக்கும். கூலி. தலைமையாசிரியர் நம்மைக் கேட்கவே மாட்டார். சாதியைப் பார்த்ததுமே கை தானாக எழுதிவிடும்.

எனக்கு மட்டும் அப்படி நடக்கவில்லை. அவிநாசிக்கும் பல்லடத்துக்கும் நடுவே இருக்கிற ஒரு ஊர் எங்களுடையது. 1972இல் ஆறாம் வகுப்பில் என்னைச் சேர்த்தபோது ஆசிரியர், 'உங்கப்பன் எந்தத் தோட்டத்துல ஆளு?' என்று கேட்டார். சொன்னேன். 'பண்ணையாள்' என்று எழுதினார். அது தப்பில்லை. என் அப்பன் அப்போது பண்ணையாள்தான்.

1977இல் பத்தாம் வகுப்பு சான்றிதழுக்காக மறுபடி ஒரு படிவம் வந்தது. வீட்டில் சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாத அப்பன் திண்ணையிலிருந்து எழுந்து வந்து நின்றுகொண்டு சொன்னார்: 'கண்ணு, வாத்தியாருகிட்டச் சொல்லிப்போடு. கூலின்னு எழுதோணும். பண்ணையாள்னு எழுதக் கூடாது. நான் கூலிக்காரன். எவனுக்கும் ஆளு இல்லே.'

அந்தச் சொல்லை அவர் அவ்வளவு பெருமையாகச் சொன்னது ஏன் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இரண்டு வருஷம் கழித்துக் கோயமுத்தூரில் கல்லூரி சேர்ந்தேன். ஆங்கில வகுப்பில் ஒருநாள் பேராசிரியர், ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதினார். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி. அடுத்து 'கூலி' என்று எழுதிவிட்டு, 'இது மட்டும் நமக்குப் பெருமை சேர்க்காத சொல்' என்றார். வகுப்பு சிரித்தது. பின் பெஞ்சில் உபகாரச் சம்பளத்தில் படித்துக்கொண்டிருந்த நாங்கள் நாலு பேரும் சிரிக்கவில்லை. நாலு பேருடைய படிவத்திலும் அதுதான் எழுதியிருந்தது.

என் அப்பனுக்குப் பெருமையாக இருந்த சொல் இவர்களுக்கு ஏன் கேவலமாகப் போயிற்று? நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்தக் கேள்வியைச் சுமந்து வருகிறேன். எனக்குக் கிடைத்த பதிலை இங்கே வைக்கிறேன்.

1

முதலில் அகராதி. ஆங்கிலேயர் இந்தியாவில் பொறுக்கிச் சேர்த்த சொற்களுக்கென்று 1886இல் வந்த பேரகராதி ஹாப்சன் ஜாப்சன். தொகுத்தவர்கள் யூல், பர்னல் என்ற இருவர். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தமிழ் அறிந்தவர். இந்தச் சொல்லுக்கு அவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட மூலங்களைப் பேசுகிறார்கள்.

ஒன்று, கோலி. குஜராத்திலும் மேற்குக் கடற்கரையிலும் வாழ்கிற ஒரு சாதியின் பெயர். போர்த்துகீசியர் முதலில் பார்த்த சுமைதூக்கிகளும் படகுக்காரர்களும் அவர்கள். அந்தச் சாதிப்பெயரே மூட்டை தூக்குகிற எல்லோருக்கும் பெயராகிவிட்டது என்பது ஒரு வாதம். இன்னொன்று, நம் கூலி. தமிழிலும் கன்னடத்திலும் வேலைக்குக் கொடுக்கிற காசு அல்லது தானியம் என்ற பொருளில் வழங்குகிற சொல். இதுதான் உண்மையான மூலம் என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. துருக்கி மொழியில் அடிமையைக் குறிக்கிற ஒரு சொல்லையும் சிலர் இழுத்து வருகிறார்கள்.

எது சரி என்று பண்டிதர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. எனக்கு அந்தத் தீர்ப்பு அவசியமுமில்லை. அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று சாதிப்பெயர். ஒன்று வேலைக்கான ஊதியம். ஒன்று அடிமை. ஆங்கிலத்தில் இந்தச் சொல் புழங்கிய முந்நூறு நானூறு வருஷமும் இந்த மூன்று பொருளும் அதற்குள் ஒட்டிக்கொண்டுதான் கிடந்தன.

சீனர்கள் இந்தச் சொல்லைத் தங்கள் எழுத்தில் எழுதும்போது இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓசை ஏறக்குறைய அதே. ஒரு எழுத்துக்குக் கசப்பு, துன்பம் என்று பொருள். மற்றதற்கு வலிமை என்று பொருள். அகராதி எழுதியவர்களைவிட அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

தமிழில் கூலி என்பது ஆளின் பெயர் அல்ல. அது காசின் பெயர். எங்கள் வீட்டுக்குள் பேசுவது தெலுங்கு. அதிலும் கூலி கூலிதான். கவுண்டர் வீட்டுத் தமிழிலும் கூலிதான். கன்னடத்திலும் மலையாளத்திலும் அதே. தென்னாட்டு மொழிகளுக்கெல்லாம் பொதுவான பழஞ்சொல். திருக்குறளில் 619ஆம் குறளில் இந்தச் சொல் வருகிறது. உடம்பை வருத்தி முயன்றவனுக்குக் கிடைக்கிற பலன் அங்கே கூலி. இழிவின் சாயல் துளிகூட இல்லை. வேலை செய்கிறவனைச் சொல்ல வேண்டுமானால் கூலிக்காரன், கூலியாள், கூலிக்குப் போகிறவன் என்று இன்னொரு சொல்லைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆங்கிலம் என்ன செய்தது? காசின் பெயரை எடுத்து மனிதனுக்கு வைத்தது. காசை மறைத்துவிட்டது. ஆங்கிலத்தில் கூலி என்றால் கூலி வாங்குகிறவன் என்று அர்த்தம் இல்லை. மலிவாகக் கிடைக்கிற, கருத்த, ஆசியாக்காரனான, எண்ணிக்கையில் மட்டுமே தெரிகிற ஒரு உடம்பு என்று அர்த்தம். இந்த மாற்றம் எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள, முதலில் எங்கள் தோட்டத்துக்கு வர வேண்டும்.

2

கொங்கு நாடு மழை குறைந்த நாடு. காவிரிப் பாசனமெல்லாம் ஒரு ஓரத்துக்குத்தான். மற்ற இடமெல்லாம் கிணற்றை நம்பிய தோட்டம். ஆழக் கிணற்றிலிருந்து மாட்டைப் பூட்டிக் கவலை இறைக்க வேண்டும். தண்ணீர் அள்ளுகிற பறி தோலில் செய்தது. அதைத் தைக்கிறவர்கள் நாங்கள். கிழிந்தால் ஒட்டுப்போடுகிறவர்கள் நாங்கள். விடியுமுன் மாட்டை ஓட்டுகிறவர்கள் நாங்கள். பாத்தியில் நின்று தண்ணீர் கட்டுகிறவர்களும் நாங்கள். கொங்கு வெள்ளாமையின் செழிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் கவுண்டர்களின் உழைப்பைப் பாராட்டுவார்கள். தண்ணீர் யார் தைத்த தோலில் மேலே வந்தது என்று எழுத மாட்டார்கள்.

இந்த வேலைக்கு ஒவ்வொரு தோட்டத்துக்கும் நிரந்தரமாக ஆள் வேண்டும். அதற்குத்தான் பண்ணையம். அப்பன் கல்யாணத்துக்காகத் தோட்டத்துக்காரரிடம் முன்பணம் வாங்கினார். அதற்கு ஈடு அவர் உடம்பு. மாசத்துக்கு இத்தனை வள்ளம் சோளமோ கம்போ அளப்பார்கள். வருஷத்துக்குக் கொஞ்சம் ரொக்கம், தீபாவளிக்கு ஒரு வேட்டி. காய்ச்சல் என்று படுத்தால் அந்த நாள் கணக்கில் ஏறும். வாங்கிய பணம் வருஷம் போகப் போகக் குறையாது, கூடும். கிணற்றில் தண்ணீர் இல்லாத காலத்திலும் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. போக வேண்டுமானால் ஒரே வழிதான். புதுத் தோட்டத்துக்காரர் பழைய பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும். கடன் கை மாறும். கூடவே ஆளும் கை மாறுவான்.

கவனியுங்கள், இந்த ஏற்பாட்டில் கூலி என்ற சொல்லே கிடையாது. அளப்பது படி. இருப்பவன் ஆள். 'என்ற ஆளு', 'அவரு தோட்டத்து ஆளு' என்றுதான் பேச்சு. அம்மாவும் அதே தோட்டத்தில் சாணி அள்ளி, கட்டுத்தரை கூட்ட வேண்டும். பையன் எட்டு வயதானால் ஆடு மேய்க்கப் போக வேண்டும். என்னையும் கேட்டார்கள். அம்மா அழுது, விழுந்து கும்பிட்டு, என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். என் தம்பி போனான். இந்த ஆட்டுக்காரப் பையன்களின் வாழ்க்கையைப் பெருமாள்முருகன் 2000இல் 'கூளமாதாரி' நாவலாக எழுதினார். படித்தபோது பாதியில் மூடி வைத்துவிட்டேன். என் தம்பியின் முகம் வந்து நின்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேரன் வயதுள்ள கவுண்டர் வீட்டுப் பையனை என் அப்பன் 'சாமி' என்று கூப்பிடுவார். அந்தப் பையன் அப்பனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். இந்தச் 'சாமி' கடல் தாண்டிப் போன கதை பின்னால் வருகிறது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

1834 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பேரரசின் தீவுகளில் நீக்ரோ அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. நஷ்ட ஈடாக 2 கோடி பவுன் கொடுத்தார்கள். அடிமைகளுக்கு அல்ல, எசமானர்களுக்கு. கரும்புத் தோட்டங்களுக்கு வேறு உடம்பு வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு 'அட்லஸ்' என்ற கப்பல் மொரீசியஸ் போய்ச் சேர்ந்தது. அவர்கள் இறங்கிய துறைக்குப் பெயர் கூலித்துறை. இன்றைக்கு அது 'ஆப்ரவாசி காட்' என்ற பெயரில் உலகப் பாரம்பரியச் சின்னம். யுனெஸ்கோ 2006இல் சேர்த்தது.

பின்னால் கயானா, டிரினிடாட், பிஜி, நேட்டால். ஒப்பந்தம் 5 வருஷம். கைநாட்டு வைத்த பின் வேலையை விட்டுப் போனால் அது குற்றம். சாதாரணக் கடன் தகராறு சிவில் வழக்கு. இவர்களுக்கு மட்டும் சிறை. இந்தியாவுக்குள்ளேயும் 1859இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத தொழிலாளியைத் தண்டிக்கலாம். 1925இல்தான் அதை நீக்கினார்கள். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உடைமைக்கு நீதிமன்ற ஆதரவு கிடையாது என்று சொல்லியிருந்தது. சொன்னதற்கு 16 வருஷம் கழித்து, முன்பணம் என்ற கயிற்றால் கட்டிக்கொள்ள இன்னொரு சட்டம்.

நேட்டாலுக்கு முதல் கப்பல் 'ட்ரூரோ' 1860 நவம்பரில் போனது. ஏறிய இடம் சென்னை. 1911 வரை 1,52,000 பேருக்கு மேல் போனார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் இருக்கிற தழும்பு எல்லாம் எழுதினார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பஞ்சத்தில் சேலமும் கோயமுத்தூரும் கடுமையாக அடிபட்ட ஜில்லாக்கள். பஞ்சத்தில் முதலில் சோளம் நிற்பது பண்ணையாள் வீட்டில்தான்.

இறங்கியவுடன் பட்டியலில் இருந்த பெயரும் ஊரும் போயின. எல்லோரும் கூலி. வெள்ளைக்காரன் வாயில் இன்னொரு பெயரும் இருந்தது: 'சாமி'. முனிசாமி, ராமசாமி என்று தமிழ்ப் பெயர்களின் வாலில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு, நாயைக் கூப்பிடுவது போல 'சாமி' என்று கூப்பிட்டான். 1893இல் அங்கே போன காந்தி இதைத் தன் சுயசரிதையில் எழுதுகிறார். சாமி என்றால் எசமான் என்று பொருள், நான் உனக்கு எசமான் இல்லையே என்று சிலர் திருப்பிச் சொல்வார்களாம். கொங்கு நாட்டில் யாரை நோக்கி அந்தச் சொல்லைக் கைகட்டிச் சொல்ல வைத்தார்களோ, அந்தச் சொல்லையே அவமானமாகப் பூசி நேட்டாலில் நம் ஆள்களின் தலையில் வைத்தார்கள். இரண்டு இடத்திலும் நமக்குச் சொந்தப் பெயர் கிடையாது.

காந்திக்கும் 'கூலி பாரிஸ்டர்' என்று பெயர் வந்தது. இந்திய வியாபாரிகளுக்கும் அந்தப் பெயர் ஒட்டியது. 'கூலி வியாபாரி.' இந்த இடத்தில்தான் சாதியின் புத்தியைப் பார்க்கலாம். முஸ்லிம் வியாபாரிகள் தங்களை அராபியர் என்றார்கள். பார்சிகள் தங்களைப் பாரசீகர் என்றார்கள். இதையும் காந்தியே எழுதுகிறார். கூலி என்ற சொல்லால் மனிதனை அடிக்கக் கூடாது என்று அவர்கள் சண்டை போடவில்லை. எங்களைப் போய் அவர்களோடு சேர்க்கிறாயே என்பதுதான் சண்டை. என் கல்லூரி வகுப்பறையில் கேட்டதும் அதே குரல்தான்.

அந்த நேட்டாலில் நம்மவர் ஒருவர் இருந்தார். ரெட்டமலை சீனிவாசன். 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கியவர். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரை மறைக்காமல் பத்திரிகையின் நெற்றியில் எழுதியவர். அவர் படித்தது கோயமுத்தூரில். ஏறக்குறைய நானூறு பிள்ளைகளில் பத்துப் பேர் தவிர மற்றவர்களெல்லாம் பார்ப்பனர், தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் யாரோடும் சேராமல் இருந்தேன் என்று தன் வாழ்க்கைக் குறிப்பில் சொல்கிறார். பிற்காலத்தில் தென்னாப்பிரிக்கா போய் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். காந்திக்குத் தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான். கோயமுத்தூரில் சாதியை மறைத்து உட்கார்ந்திருந்த ஒருவர், கூலிகள் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்ட நீதிமன்றத்தில் அவர்களின் வாயாக நின்றிருக்கிறார் என்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

நேட்டால் தூரம். இலங்கை பக்கம். அங்கே ஒப்பந்தக் காகிதம் இல்லை, கங்காணி இருந்தார். ஊரில் முன்பணம் கொடுத்து, மன்னார்க் காட்டு வழியாக மலைக்கு நடத்திக் கூட்டிப்போனார். அங்கே ஒரு ஏற்பாடு. அதன் பெயர் துண்டு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொழிலாளிகளை விட வேண்டுமானால், அவர்கள் மேல் இருக்கிற கடன் இவ்வளவு என்று துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதுவார். அதைக் கட்டுகிற துரைக்கு அந்த ஆள்கள். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள்.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இது எங்கள் தோட்டத்துக் கதை அல்லவா! கடன் கை மாறினால் ஆளும் கை மாறுவான். துரை காகிதத்தில் எழுதியதைக் கவுண்டர் வாயால் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மலைத் தோட்டத்தைப் பார்க்க இலங்கைக்குப் போக வேண்டியதில்லை. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் பஸ் ஏறினால் போதும். அங்கே மேஸ்திரி முன்பணம் கொடுத்துத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆள்களைக் கூட்டி வந்தார். மலேரியாவிலும் குளிரிலும் செத்தவர் போக மிஞ்சியவர் வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கடன்தான் நிற்கும். 1940களில் அந்த எஸ்டேட்டுகளில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் நாவல் எழுதினார். கோவைக்காரரான இரா. முருகவேள் 2007இல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கொண்டுவந்தார்.

ஆக, ஆங்கிலத்தில் கூலி என்ற சொல் போன இடமெல்லாம் அதன் பொருள் ஊதியம் அல்ல. முன்பணம். கட்டிப் போட்ட உடம்பு. நம் மொழியில் அதற்குச் சரியான சொல் கூலி அல்ல, பண்ணையாள். வெள்ளைக்காரன் எடுத்தது நம் கூலியை. அதற்குள் வைத்தது நம் பண்ணையாளை.

4

அப்பன் தோட்டத்தை விட்டு வந்த கதைக்கு வருகிறேன்.

1977 தை மாசம். அப்பனுக்கு முதுகில் கட்டி வந்து பத்து நாள் படுத்துவிட்டார். வேலைக்கு வரவில்லையென்று தோட்டத்திலிருந்து ஆள் வந்து, பாக்கி 400 ரூபாயை வைத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போ என்று சொல்லிப் போனார்கள். பயமுறுத்தத்தான். 400 ரூபாய்க்கு எங்கே போவோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

அம்மாவின் அண்ணன் கோயமுத்தூர் முனிசிபாலிட்டியில் தோட்டி வேலை. விஷயம் கேட்டுவிட்டு வட்டிக்குக் கடன் வாங்கி 400 ரூபாயைக் கொண்டுவந்தார். மாமனும் அப்பனும் போய், வாசலுக்கு வெளியே நின்று, பணத்தைத் தரையில் வைத்தார்கள். 'இன்னியோட ஆச்சுங்க சாமி' என்று அப்பன் சொன்னாராம். எடுத்துக்கொண்டவர் ஒன்றும் பேசவில்லையாம்.

அடுத்த வாரமே அப்பன் ரோட்டு வேலைக்கு ஜல்லி உடைக்கப் போனார். முதல் நாள் நாலு ரூபாய். சாயந்திரம் அதை அம்மா கையில் கொடுத்தார். அம்மா விளக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சோளமாக அளந்து வாங்கித்தான் அவளுக்குப் பழக்கம். ஒரு நாள் வேலைக்கு ஒரு நாள் காசு. நாளைக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். அதுதான் கூலி. ஜல்லி உடைத்ததில் அப்பனின் கையெல்லாம் ரத்தம். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி எங்கள் சாளையில் பாட்டுச் சத்தம் கேட்டது.

படிவத்தில் கூலி என்று எழுதச் சொன்னது அதற்கப்புறம்தான்.

இதில் ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. கொத்தடிமை முறை ஒழிப்பு அவசரச் சட்டம் 1975 அக்டோபரில் வந்தது. 1976இல் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. அதன்படி கொத்தடிமையின் கடன் தீர்ந்ததாகவே அர்த்தம். வசூலிப்பதுதான் குற்றம். அதாவது மாமன் வட்டிக்கு வாங்கிக் கட்டிய 400 ரூபாய், சட்டப்படி ஒரு வருஷத்துக்கும் முன்னாலேயே இல்லாமல் போன கடன். எங்கள் வளவுக்கு அந்தச் செய்தி வரவே இல்லை. எனக்கே சட்டப் புத்தகத்தில் படித்த பின்தான் தெரியும். அப்போது மாமன் உயிரோடு இல்லை.

5

தமிழ் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. 'கூலிக்கு மாரடிக்கிறான்' என்று சொல்கிற மொழிதான் இது. மனசில்லாமல் வேலை செய்கிறவனைத் திட்ட அந்த வார்த்தை. சாவு வீட்டில் காசுக்கு மாரடித்து ஒப்பாரி வைத்தவள் எந்தத் தெருப் பெண்? அவள் நெஞ்சில் விழுந்த அடி பொய்யா? கொலைகாரனுக்குக் கூலிப்படை என்று பேர். உட்கார்ந்து வாங்கினால் சம்பளம். படித்தவர் வாங்கினால் ஊதியம். குனிந்து வாங்கினால் கூலி. மூன்றும் வேலைக்குக் கொடுக்கிற காசுதான்.

பேரை மாற்றினால் தீர்ந்துவிடும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். 2016 ரயில்வே பட்ஜெட்டில் ஸ்டேஷன் கூலிகளுக்கு இனிமேல் 'சஹாயக்' என்று பெயர் என்றார்கள். உதவியாளராம். தலையில் இருக்கிற பெட்டியின் எடை அதனால் குறைந்ததா? டிரினிடாடிலும் கயானாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அந்தச் சொல் இன்றும் வசைதான். அங்கே யாரையும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்பதை நான் ஏற்கிறேன். அதே கயானாவில் ராஜ்குமாரி சிங் 1970களிலேயே, ஆமாம், நான் கூலிதான் என்று தலைப்பு வைத்து எழுதினார். 'பறையன்' பத்திரிகை போல. சொல் எங்கே எந்த வாயிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

எனக்குக் கவலை வேறு. சொல் இருக்கட்டும், அந்தச் சொல் குறிக்கிற காசு எங்கே?

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கேட்டது கூலி உயர்வு. கொஞ்சம் கூடுதல் நெல். பண்ணையாள் கூலி கேட்கக் கூடாது என்பதுதான் அந்த நெருப்பின் அர்த்தம்.

கொங்கு நாட்டில் பண்ணையம் நாங்கள் பார்க்கப் பார்க்கத் தேய்ந்தது. மின்சார மோட்டார் வந்து தோல் பறி போனது. திருப்பூர்ப் பனியன் கம்பெனியும் விசைத்தறியும் மில்லும் பெருகின. ஆள்கள் தோட்டத்தை விட்டுப் போனார்கள். 'இப்ப ஆளே கெடைக்கறதில்லீங்க' என்று தோட்டத்துக்காரர்கள் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அது இனிமையான சங்கீதம்.

ஆனால் முன்பணம் சாகவில்லை. குமாரபாளையம் பக்கத்து விசைத்தறியில் அதற்குப் பேர் பாக்கி. வேலைக்குச் சேரும்போது பாக்கி வாங்குகிறார்கள்; அதைக் கட்டாமல் தறியை விட முடியாது. வேறு தறிக்காரர் கட்டினால் அங்கே போகலாம். துண்டுச் சீட்டு மறுபடியும். மில்களில் சுமங்கலித் திட்டம் என்று வந்தது. கல்யாணமாகாத ஏழைப் பெண்களை மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வேலை வாங்கி, கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்றார்கள். நடுவில் உடம்பு முடியாமல் வந்துவிட்டால் மொத்தமும் போச்சு. அருந்ததியர் வளவுகளிலிருந்து எத்தனை பெண்கள் போனார்கள்! அன்றாடக் கூலியை அன்றாடம் கொடுக்காமல் பிடித்து வைப்பதற்குத் தாலியின் பேரை வைத்தார்கள். என் அப்பன் கல்யாணத்துக்காக முன்னால் வாங்கிய பணத்தால் கட்டுப்பட்டார். இந்தப் பெண்கள் கல்யாணத்துக்காகப் பின்னால் வரப்போகிற பணத்தால் கட்டுப்பட்டார்கள். கயிறு ஒன்றுதான். கட்டுகிற முனை மட்டும் மாறியிருக்கிறது.

தோழர்களே, அதனால்தான் இந்தச் சொல்லை விட்டுவிடக் கூடாது என்கிறேன். எவனாவது நம்மைப் பார்த்துக் கூலி என்று கூப்பிட்டால் அது வசை, எதிர்க்க வேண்டும். நாம் கூலி என்று சொல்லும்போது அது காசு. செய்த வேலைக்கு, செய்த அன்றைக்கு, முழுசாக, கையில். அந்தப் பொருளை நாம் மறந்தால் படிவத்தில் மட்டும்தான் கூலி இருக்கும். வாழ்க்கையில் பண்ணையம் இருக்கும்.

அப்பன் 2003இல் இறந்தார். இறப்பைப் பதிவு செய்யப் போனபோது எழுதுகிறவர், 'தொழில்?' என்று கேட்டார். நான் அரசு வேலையில் இருக்கிறவன் என்பதால் தயங்கி, 'விவசாயம்னு போட்டுக்கலாமுங்களா?' என்று மரியாதையாகவே கேட்டார்.

'கூலின்னு எழுதுங்க' என்றேன்.